பிரமிளா பார்லரில் வாய் திறக்கக் கூடாது

புளுகுவதற்கும் ஒரு வசதி வேண்டும். கேட்கிறவர்கள் எழுந்து போகவும் முடியாமல், எதிர்த்துப் பேசவும் முடியாமல் மாட்டிக்கொண்டால் புளுகு தளதளவென்று வளரும். அருப்புக்கோட்டையில் அந்த வசதியைச் செய்துகொண்டவள் பிரமிளா ஒருத்திதான்.

மதுரையில் ஒரு பெரிய பார்லரில் இன்னொருத்தியின் கீழ் வேலை பார்த்தவள், இனி தனியாகத் தொழில் செய்யப் போகிறேன் என்று வந்து, எங்களுக்கு அடுத்த தெருவில் தன் வீட்டு முன்னறையிலேயே கடை போட்டாள். சாய்வு நாற்காலிகள் இருந்தன, ஆவி பிடிக்கிற மெஷின் இருந்தது, சுவர் நிறையக் கண்ணாடி இருந்தது. வாடிக்கைதான் இல்லை. நான் காய் வாங்கப் போகும்போதெல்லாம் வாசலில் நின்றுகொண்டு, போகிற வருகிறவர்களின் முகத்தைப் பார்த்து உச்சுக் கொட்டுவாள். ஊரில் இத்தனை முகம் வீணாய்ப் போகிறதே என்ற கவலை.

அப்போது என் மகள் சுபாஷினிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மண்டபத்தில் தண்ணீர் வருமா, சமையல்காரர் சொன்னபடி வந்து சேருவாரா, மாப்பிள்ளையின் அத்தை எந்த விஷயத்துக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள் என்று யோசித்து யோசித்தே எனக்குக் கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தது. மணப்பெண் அலங்காரத்துக்கு யாரைச் சொல்வது என்பதும் முடிவாகவில்லை. எப்படியோ பிரமிளாவுக்குச் செய்தி போய்விட்டது.

"அக்கா, முதல்ல உங்களுக்கு ஒரு ஃபேஷியல் சும்மா பண்ணி விடுறேன். பிடிச்சிருந்தா பொண்ணு மேக்கப்பை எனக்குக் குடுங்க" என்றாள்.

எங்கள் வீட்டுக் கல்யாணம் கிடைத்தால் சொந்தபந்தமெல்லாம் பார்க்கும், அடுத்தடுத்துக் கூப்பிடும். கிடைக்காவிட்டால் அவள் கடையைப் பூட்டிவிட்டு மறுபடியும் மதுரைக்காரியிடமே போய் நிற்க வேண்டும். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

துணைக்கு என் நாத்தனார் பூமயிலைக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே புருவம் திருத்த வந்த நர்ஸ் ஜெசிந்தா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள்.

என்னைச் சாய்த்துப் படுக்கவைத்து, தேய்த்து, பிசைந்து, கடைசியில் முகம் முழுக்கப் பச்சையாக எதையோ அப்பினாள். பார்வைக்குப் புதினாத் துவையல் மாதிரி இருந்தது.

"இந்த ஃபேஸ் பேக் காயிற வரைக்கும் பேசக் கூடாதுக்கா. சிரிக்கவும் கூடாது. எந்த இடத்துல வெடிப்பு விழுதோ, அந்த இடத்துல ஆயுசுக்கும் சுருக்கம் நின்னுரும்."

எனக்கு ஏற்கெனவே இருக்கிற சுருக்கம் போதும். வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். அவள் திறந்துகொண்டாள்.

"மதுரையில இருக்கும்போது ஒரு அம்மா வந்தாங்க. முகம் அப்படி டல்லு. கண்ணாடி முன்னால நின்னா பின்னால இருக்கிற சுவருதான் தெரியும், அந்தம்மா தெரிய மாட்டாங்க. ஒரே ஒரு க்ளீனப்புதான் பண்ணினேன். மறுநாள் அவங்க ரோட்டுல நடந்தா, எதிர்ல வர்ற ஆட்டோக்காரங்க எல்லாம் டிம் பண்ணுங்க, டிம் பண்ணுங்கன்னு கையைக் காட்டுறாங்க."

எங்கள் ஊர் ஆட்டோக்காரர்கள் இருட்டிலேயே டிம் பண்ண மாட்டார்கள். அதைச் சொல்ல எனக்கு வாய் இல்லை. நல்லவேளை, பூமயிலுக்கு இருந்தது.

"ஏம்மா, கண்ணாடிக்கே தெரியாத முகத்தை நீ எப்படிப் பார்த்த?"

"தடவித்தான்க்கா கண்டுபிடிச்சேன். மூக்கு தட்டுப்பட்டதும் ஒரு தெம்பு வந்துருச்சு."

மூக்கு என்றதும் அடுத்தது ஞாபகம் வந்துவிட்டது அவளுக்கு.

"மூக்குன்னு சொல்லவும்தான் நினைப்பு வருது. ஒரு டீச்சரம்மாவுக்கு மூக்கு நுனியில ஒரே ஒரு கரும்புள்ளி. லேசா நெம்பி இழுத்தேன். வருது. வருது. வந்துக்கிட்டே இருக்கு! மத்தியானம் வரைக்கும் இழுத்தேன். அப்புறம் நுனியை அவங்க கையில குடுத்து, விட்டுறாதீங்க டீச்சர்னு சொல்லிட்டு, நான் போய்ச் சாப்பிட்டு வந்து மறுபடியும் இழுத்தேன். பின்கட்டுல துணி காயுதே ஒரு கயிறு, அது என்னன்னு நினைச்சீங்க?"

"நான் கை கழுவப் போனப்ப பார்த்தேனே! அது நீல நைலான் கயிறுல்ல?" என்றாள் பூமயில்.

"சாயம் முக்கினேன்க்கா. கறுப்பா இருந்தா சொந்தக்காரன்னு நினைச்சுக் காக்கா வந்து உட்காருது."

பூமயில் அடுத்த கேள்விக்கு வாயெடுத்தாள். பிரமிளா விடுவாளா? "அக்கா, உங்க தாடையில வெயில் கறுப்பு, டேன், அப்படியே படிஞ்சு கெடக்கு. வாங்க, உங்களுக்கும் சும்மாதான்" என்று நாற்காலியைத் தட்டினாள். சும்மா என்று சொன்னால் என் நாத்தனார் பல்லைக்கூடப் பிடுங்கிக்கொள்வாள். ஓடிப் போய்ச் சாய்ந்துவிட்டாள். துவையல் ஏறியது, அந்த வாயும் அடைத்தது. அவளுக்குத் தேய்ப்பதும் இல்லை, பிசைவதும் இல்லை. நேராகப் பூச்சுதான்.

மிச்சம் இருந்தது ஜெசிந்தா. பிரமிளா அவள் புருவத்தில் நூலை ஓட்டிக்கொண்டே ஆரம்பித்தாள்.

"ஒரு மாமியாரும் மருமகளும் வந்தாங்க சிஸ்டர். மாமியாருக்கு மசாஜ் பண்ணும்போது எனக்கு ஒரு போன் வந்துச்சு. பேச்சு வாக்குல கொஞ்சம் கூடத் தேய்ச்சுட்டேன். வயசு கழண்டு வந்துருச்சு. திரும்பிப் போறப்ப கண்டக்டர் அந்த மாமியாருக்கு அரை டிக்கெட்டுக் கிழிச்சார்னா பார்த்துக்கோங்க. மருமக கெட்டிக்காரி. ரெட்டை ஜடை பின்னி ஸ்கூல்ல சேர்த்து விட்டுட்டா. இப்ப அந்த வீட்டுல மாமியார் சத்தமே கிடையாது. மருமக கண்ணை உருட்டினா உட்கார்ந்து வாய்ப்பாடு எழுதுது."

இதைக் கேட்டதும் எனக்கு உள்ளே சிரிப்பு கிளம்பிவிட்டது. கன்னம் இழுத்தது. மாப்பிள்ளையின் அத்தையை நினைத்துக்கொண்டேன், சிரிப்பு அடங்கிவிட்டது.

"முகத்துலதான தேய்ச்ச? கையும் காலும் எப்படிக் குட்டையாச்சு?" என்றாள் ஜெசிந்தா.

"முகம் சின்னதாப் போனா உடம்புக்கே கூச்சமாயிரும் சிஸ்டர். தானா அடங்கிரும். நர்சிங்ல இதெல்லாம் சொல்லித் தரலையா?"

"வயசையே கழட்டுறவ, உன் கன்னத்துல இருக்கிற மங்குக் கறுப்பை ஏன் விட்டு வச்சிருக்க?"

நூல் நின்றது. பிரமிளாவின் இரண்டு கன்னத்திலும் மங்கு படர்ந்திருந்தது உண்மை. நான் முதல் நாளே கவனித்தேன். இப்போது மாட்டிக்கொண்டாள் என்று எனக்குப் பரம திருப்தி. அவளோ ஒரு மூச்சு இழுத்துவிட்டுச் சொன்னாள்: "வர்றவங்களுக்கு, பண்றதுக்கு முன்னாடி எப்படி இருக்கும்னு காட்ட ஒரு முகம் வேணும்ல சிஸ்டர்? தொழிலுக்காக வளர்க்கிறேன்."

அடுத்த நிமிஷம் ஜெசிந்தா முகத்திலும் பச்சை ஏறிவிட்டது. ஒரு புருவம்தான் திருத்தி முடிந்திருந்தது.

மூன்று பேரும் வரிசையாக, வாய் கட்டிப்போட்ட மாதிரி படுத்துக் கிடந்தோம். தட்டிக் கேட்க ஆள் இல்லை. அதுதான் அவளுக்கு வினையாகப் போனது. கொஞ்ச நேரம் ஆவி மெஷினைப் பற்றி அளந்தாள். அதில் ஆவி பிடித்த ஒருத்திக்கு முகத்துத் துளைகள் விரியத் திறந்து, கையில் வைத்திருந்த சீப்பு உள்ளே விழுந்துவிட்டதாம். அடுத்த வாரம் அதே துளையைத் திறந்து எடுத்துக் கொடுத்தாளாம், சீப்பும் பளபளவென்று இருந்ததாம். நாங்கள் மூச்சு விடவில்லை. அவளுக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது.

"இதெல்லாம் என்னக்கா! நான் பண்ணின கல்யாணப் பொண்ணைப் பார்த்திருக்கணும் நீங்க. திருச்சுழிப் பக்கம். விடியக்காலை முகூர்த்தம். பொண்ணை முடிச்சு, ரூம் கதவைத் திறந்து வெளிய கூட்டிட்டு வர்றேன், ஊர்ல இருக்கிற சேவல் அம்புட்டும் கூவிருச்சு! பால்காரர் நேரமாயிருச்சுன்னு சைக்கிளைப் போட்டு மிதிக்கிறார். மண்டபத்து மேனேஜர், விடிஞ்ச பிறகு எதுக்கு லைட்டுன்னு எல்லாத்தையும் அணைச்சுட்டார். மணையில இருந்த ஐயர் முகத்துல சுள்ளுன்னு வெயில் அடிக்குது. முகூர்த்தம் தப்பிப் போச்சுன்னு துண்டை உதறிக்கிட்டு எந்திரிச்சுட்டார். பொண்ணோட அப்பா அப்படியே சாஞ்சுட்டார். நான்தான் ஓடிப் போய்ப் பொண்ணு தலையோட ஒரு ஜமக்காளத்தைப் போட்டு மூடி, மறுபடியும் இருட்டாக்கி, சேவலை எல்லாம் தூங்க வச்சு, ஐயரை உட்கார வச்சேன். மாப்பிள்ளை? அவர் வெல்டிங் கண்ணாடி மாட்டிக்கிட்டுத்தான் தாலி கட்டினார்!"

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். புக்கிங் கைக்கு வந்துவிட்டது என்கிற பார்வை.

நான் எழுந்து உட்கார்ந்தேன். சுருக்கம் விழுந்தால் விழட்டும் என்று வாயைத் திறந்தேன். பச்சை பொலபொலவென்று மடியில் உதிர்ந்தது.

"எங்க வீட்டுக் கல்யாணமும் விடியக்காலை முகூர்த்தம்தான்."

"அப்ப ரொம்பப் பொருத்தம்க்கா!"

"என்ன பொருத்தம்? ஐயர் பாதியில எந்திரிச்சுப் போனா யார் பதில் சொல்றது? மாப்பிள்ளையோட அத்தை எங்க சந்தர்ப்பம் கிடைக்கும்னு காத்துக்கிட்டிருக்கா. எனக்கு இந்த வம்பே வேண்டாம்மா."

பிரமிளாவின் முகம் செத்துப் போனது. "அக்கா, அக்கா, எல்லாச் சேவலும் கூவலைக்கா. மண்டபத்துக்குப் பின்னால இருந்த ஒண்ணே ஒண்ணுதான்."

"ஒண்ணும் கூடாது."

"அது கூவலைக்கா. தொண்டையைச் செருமுச்சு. அவ்வளவுதான்."

"ஐயர் எந்திரிச்சாரா இல்லையா?"

"கால் மரத்துப் போச்சுன்னு எந்திரிச்சார்."

"லைட்டை அணைச்சது?"

"கரண்ட் போயிருச்சுக்கா."

"வெல்டிங் கண்ணாடி?"

"பவர் கண்ணாடிக்கா. சின்ன வயசுல இருந்தே போடுறாராம்."

காய்காரியிடம் பேரம் பேசும்போதுகூட எனக்கு விலை இவ்வளவு சீக்கிரம் இறங்கி வந்ததில்லை. பூமயிலும் பேக்கை உடைத்துக்கொண்டு எழுந்தாள். "அப்ப அந்தக் கயிறு?"

"கடையில வாங்கினதுக்கா."

"ஸ்கூலுக்குப் போன மாமியார்?" என்றாள் ஜெசிந்தா, ஒற்றைப் புருவத்தைத் தூக்கிக்கொண்டு.

"தலைக்கு டை அடிச்சு விட்டேன் சிஸ்டர். அவங்க வாத்தியாரா ரிட்டயரானவங்க."

"சரி, உள்ளதைச் சொல்லு" என்றேன். "நீ பண்ணினா என் பொண்ணு முகம் எப்படித்தான் இருக்கும்?"

பிரமிளா கையிலிருந்த பிரஷ்ஷையே பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக உண்மை பேசுகிறவள் மாதிரி, ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்தாள்.

"நல்லா... முகம் கழுவின மாதிரி... பளிச்சுன்னு இருக்கும்க்கா."

"கழுவுறதுக்கு எங்க வீட்டுல குழாய் இருக்கு. மேக்கப்புக்கு நான் வேற ஆளைப் பார்த்துக்கிறேன்."

அவள் துடைத்துவிடக்கூட நாங்கள் காத்திருக்கவில்லை. மூன்று பச்சை முகமுமாக வாசலுக்கு வந்து செருப்பைத் தேடினோம். தெருவில் போன ஒருவர் சைக்கிளை ஓரமாக ஒதுக்கிக்கொண்டார். கடைசியாக ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். அழுதுகொண்டிருப்பாள் என்று நினைத்தேன். அவள் கண்ணைத் துடைத்துவிட்டு நிலைப்படிக்கே வந்து நின்றிருந்தாள்.

"அக்கா! உங்க வீட்டுக் குழாயில போன மாசம் வரைக்கும் தண்ணி கலங்கலாத்தான வந்துச்சு? இப்பக் கண்ணாடி மாதிரி வருதுல்ல? நம்ம ஊரு மேல்நிலைத் தொட்டிக்கு ஃபேஷியல் பண்ணினது யாருன்னு நினைச்சீங்க?"