எதில் ஓடும்?

"அந்த மென்பொருள் விண்டோஸ்ல மட்டும்தான் ஓடுமாம், மேடம். எங்க ஸ்கூல் கம்ப்யூட்டர் அத்தனையும் லினக்ஸ்."

வகுப்புக்குள் நுழைந்ததும் அருளப்பன் சொன்ன முதல் வார்த்தை இதுதான்.

அவருக்கு நாற்பத்தெட்டு வயது. பார்வையற்றோர் பள்ளியில் தமிழாசிரியர். அவருக்கும் பிறவியிலேயே பார்வை இல்லை. சனிக்கிழமைதோறும் மங்கையர்க்கரசியிடம் கணினி நிரல் எழுதக் கற்றுவந்தார். ஆசிரியைக்கு அவரைவிடப் பதினெட்டு வயது குறைவு.

பள்ளிக்கு ஒரு பிரெய்ல் அச்சு இயந்திரம் நன்கொடையாக வந்திருந்தது. தமிழைப் பிரெய்ல் புள்ளிகளாக மாற்றித்தர மென்பொருள் இல்லாமல் அது சும்மா கிடந்தது.

தேர்வுக்குப் பத்தொன்பது நாள்தான் இருந்தது. அதற்குள் அந்த இயந்திரம் ஓடாவிட்டால் வினாத்தாளை ஆறு மாணவிகளுக்கு யாராவது வாசித்துக் காட்டவேண்டி வரும். இன்னொரு தடவை படிக்கச் சொல்லக் கூசி, பாதி புரிந்ததை வைத்தே எழுதிவிட்டு வருகிறவர்கள் அவர்கள். அருளப்பனும் ஒரு காலத்தில் அப்படி எழுதியவர்தான்.

மென்பொருளைத் தயாரித்தவர்களுக்கு நான்கு முறை எழுதியதைச் சொன்னார். விண்டோஸுக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று ஒற்றை வரியில் பதில் வந்ததைச் சொன்னார். அரை மணி நேரம் பொரிந்து தள்ளினார்.

மங்கையர்க்கரசி குறுக்கே பேசவில்லை. அவர் ஓய்ந்ததும் கேட்டார்.

"அது என்ன சார் செய்யும்?"

"எழுத்தைப் புள்ளியா மாத்தும்."

"எப்படி மாத்தும்?"

அருளப்பனுக்கு எரிச்சல் வந்தது. இருந்தாலும் சொன்னார்.

உயிரெழுத்து ஒவ்வொன்றுக்கும் எந்தெந்தப் புள்ளி என்பதில் தொடங்கினார். 'கா' என்றால் முதலில் க, அடுத்து ஆ. பார்வையுள்ளவர்கள் மெய்யெழுத்தின் தலையில் புள்ளி வைப்பார்கள். பிரெய்லில் அந்தப் புள்ளி எழுத்துக்கு முன்னாலேயே வந்துவிடும். சொல்லச் சொல்ல அவர் விரல்கள் மேசைமேல் தாமாகவே குத்திக்கொண்டு போயின.

எண் வந்தால்? அடைப்புக்குறி வந்தால்? வரி முடிகிற இடத்தில் சொல் உடைந்தால்? ஆசிரியை கேட்டுக்கொண்டே இருந்தார். அருளப்பன் ஒன்றுக்கும் யோசிக்கவில்லை. எரிச்சல் எப்போது போனதென்று அவருக்கே தெரியாது.

எதிரே விசைகள் தட்டும் சத்தம் நிற்காமல் கேட்டது.

பிறகு ஆசிரியை, தட்டியதை முதலிலிருந்து வாசித்துக் காட்டினார். நாற்பத்தொரு விதிகள். அத்தனையும் அருளப்பன் சொன்ன சொற்கள். ஒரே ஓரிடத்தில் மட்டும் அவர் திருத்தம் சொன்னார்.

"இதுல விண்டோஸ் எந்த இடத்துல வருது, சார்?"

அருளப்பன் எழுந்து, மேசையின் விளிம்பைத் தடவிக்கொண்டே விசைப்பலகை இருந்த பக்கம் போனார்.

"கொஞ்சம் நகர்ந்து உக்காருங்க, மேடம்."