குகையில் நின்ற கறுப்பு ராணி

ஒரு ராணிக்குப் பெயர் வைக்கும் உரிமை கேட்டு மூன்று பேர் நின்றார்கள். அது யாருக்குச் சேர வேண்டும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். அவசரப்படாமல் படியுங்கள். விடைக்கு வேண்டியதெல்லாம் கதைக்குள்ளேயே இருக்கிறது.

இந்த ராணி இருப்பது போனிலும் ஆடக்கூடிய ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டில். கோயம்புத்தூரில் ஒரு சிறிய கம்பெனி செய்கிற மாயாஜால விளையாட்டு அது. ஏழு நாடுகள், பறக்கும் மீன்கள், பேசும் மரங்கள். அங்கே உருவங்களை வரைகிறவள் என் மகள் பூங்கோதை. வேளைக்குச் சாப்பிட மாட்டாள். கண் கெட்டுவிடுமே என்று எனக்குத் தினமும் கவலை. அது கிடக்கட்டும்.

கோதை எனக்குக் காட்டிய இந்த மாதிரி விளையாட்டுகளில் கறுப்பாக யாராவது வந்தால் அவன் திருடன், காவல்காரன், இல்லாவிட்டால் பூதம். ராஜா, ராணி, தேவதை எல்லாரும் வெளுப்பு. இந்தத் தடவை மலைநாட்டு ராணியைக் கறுப்பாக வரையப் போகிறேன் என்றாள். நிறம் பார்க்க என் கையை ஜன்னலோரம் வைக்கச் சொல்லிப் படம் எடுத்தாள்.

"இந்தக் கையைப் போய் எதுக்குடி?" என்றேன்.

"சும்மா இரும்மா. ஆட்டாத."

ராணி குகைக்குள் நிற்பாள். பக்கத்தில் அவள் ஏறிவரும் கருங்கல் யாளி. அதன் வாய்க்குள் உருளும் கல் உருண்டைகூடத் தெரியும்படி மெனக்கெட்டுச் செய்திருந்தார்கள். விளையாட்டுக்குள்ளும் யாராவது விளக்கு வைத்தால்தான் வெளிச்சம் வருமாம். அது கோதையோடு வேலை பார்க்கும் மீரானின் வேலை.

ஜோவிட்டா தூத்துக்குடிக்காரி. விளையாட்டை ஆடிப் பார்த்துக் குறை சொல்வதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். முதல் ஆட்டத்திலேயே சொல்லிவிட்டாள்.

"ராணி மொகமே தெரியலையே கோதை. கண்ணும் பல்லும்தான் அந்தரத்துல நிக்குது."

பள்ளிக்கூடத்தில் கேட்டுக் கேட்டு என் மகள் அழுத கேலி அது. அன்று அவள் ஜோவிட்டாவோடு பேசவில்லை.

முதலாளி சிவநேசன் வந்து பார்த்தார். "ரெண்டு சுத்து வெளுத்துடுங்க அம்மணி. ராணி ராணியாத்தான் இருப்பா."

"ஏழு நாட்டுல ஒரே ஒருத்திங்க சார். அவளையும் வெளுக்கணுமா?"

அவர் கெட்டவர் இல்லை. யோசித்துவிட்டு ஒரு வாக்குக் கொடுத்தார். "வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்க்கலாம். நிறத்தைத் தொடாம மொகம் தெரிய வழி பண்றவங்க ராணிக்குப் பேரும் வைக்கலாம். முடியலைன்னா வெளுத்துடணும்."

கோதை ராணிக்கு மூக்குத்தி போட்டாள், வெள்ளிச் சரிகை போட்டாள். நகை மின்னியது, முகம் தெரியவில்லை. வியாழக்கிழமை வீட்டிலேயே உட்கார்ந்து வரைந்தாள். தோசை ஆறுகிறதே என்று தட்டை எடுத்துக்கொண்டு போனேன். திரையில் வெளுத்த ராணி நின்றாள். என்னைக் கண்டதும் கோதை பட்டென்று மூடினாள். தட்டை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை எல்லாரும் சுற்றி நிற்க, ஜோவிட்டா மறுபடி ஆடினாள். குகையில் சட்டென்று நிறுத்தினாள்.

"ஏங்க, இந்த யாளியும் கறுப்புதானே? அது வாய்க்குள்ள கெடக்க உருண்டை வரைக்கும் தெரியுது. இவ மொகம் மட்டும் ஏன் தெரியல?"

மீரான் தலையில் கை வைத்துக்கொண்டான். "யாளிக்குன்னு பார்த்துப் பார்த்துத் தனி விளக்கு வச்சேன். ராணிக்கு, போன விளையாட்டுல வெள்ளை இளவரசனுக்கு வச்ச விளக்கையே விட்டுட்டேன்."

பக்கவாட்டில் புதிதாக ஒரு விளக்கு வைத்தான். நெற்றி எழுந்தது, கன்னம் மினுங்கியது, உதட்டோரத்துக் கோபம்கூடத் தெரிந்தது. நிறம் அதே நிறம்தான்.

"வெளக்கு வச்சது நான். பேர் என்னுது" என்றான் மீரான்.

"நான் அன்னிக்கே சரின்னு சொல்லியிருந்தா, வெளக்கு வைக்க இந்த மொகமே இருந்திருக்காது" என்றாள் கோதை.

"ரெண்டு பேரும் நல்லாப் பேசுதீய. நான் கேக்கலைன்னா அவ இன்னும் இருட்டுலதான் நிப்பா" என்றாள் ஜோவிட்டா.

இப்போது சொல்லுங்கள். ராணிக்குப் பெயர் வைக்கும் உரிமை இவர்களில் யாருக்கு?

விடை: ஜோவிட்டாவுக்கு. மீரான் கையில் விளக்கு முதலிலிருந்தே இருந்தது. யாளிக்கு வைக்கத் தோன்றியது, ராணிக்குத் தோன்றவில்லை. கேட்ட பிறகு வைத்தது அவன் வேலை. கோதை என் மகள், அவளுக்கே கொடுக்க எனக்கு ஆசைதான். ஆனால் வியாழக்கிழமை நான் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று எப்படிச் சொல்வேன்? கடைசியில் அவளும் முகத்தைத்தான் சந்தேகப்பட்டாள். ஜன்னலோரம் என் கை நன்றாகத் தெரிந்ததை மறந்துவிட்டாள். குறையை முகத்துக்கு வெளியே தேடியவள் ஜோவிட்டா ஒருத்திதான். முதலாளியும் அவளுக்கே கொடுத்தார். அவள் கோதையிடம், "இது யார் நிறம்?" என்று கேட்டு, அந்தப் பெயரையே வைத்துவிட்டாள். இப்போது எங்கெங்கோ பிள்ளைகள் போனைப் பிடித்துக்கொண்டு, "ராணி மயிலாத்தா வர்றாடா, வழி விடுங்கடா!" என்று கத்துகிறார்களாம். அவர்கள் கண்ணும் கெடுமே என்று கவலையாகத்தான் இருக்கிறது. இருந்தாலும், கத்தட்டும். என் பெயர்தானே.