பொன்னாடை காய்ந்த கிளை

“ஒரே ஒரு பெயரடை என் உயிரை வாங்குது தாயே” என்றார் புலவர் பொன்னுரங்கம்.

கொல்லிமலையில் குடில் போட்டிருந்த வேலாத்தாள் அவரைவிடப் பத்து வயது இளையவள். இருந்தாலும் புலவருக்கு அவள்தான் குரு. அவள் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள்.

“அப்படியாப்பட்ட சொல்லு என்னங்க புலவரே?”

“ஆர்க்கிட்தனமான. கல்யாண மேடையில ஊதா ஊதாவா குத்திவைக்கிறாங்களே, அந்தப் பூவோட குணம் உள்ள. பொருள் எழுதிட்டேன்: பகட்டான, ‘என்னைப் பார்’ என்று நிற்கிற. எடுத்துக்காட்டு வாக்கியம்தான் வரல. வெள்ளிக்கிழமை என் அகராதி அச்சுக்குப் போகுது. வாக்கியம் இல்லேன்னா சொல்லையே தூக்கிடுவாங்க.”

“ஏதாச்சும் எழுதிடறதுதானே?”

“கண்ணால காணாததை நான் எழுதறதில்லை. முப்பது வருஷ விரதம். பூ செடியில நிக்கறதைப் பாக்கணும்.”

“வாசல் பலாமரத்துல ஒட்டி வளர்ந்து பூத்திருக்கு. போய்ப் பாருங்க.”

புலவர் போனார். பொன்னாடை இல்லாமல் அவர் பஸ் ஏறுவதில்லை. மலைப்பனியில் அது நனைந்திருந்தது. தாழ்ந்த கிளையில் காயப்போட்டுவிட்டு மரத்தை அண்ணாந்து பார்த்தார். பூவைக் காணோம்.

மறுநாளும் பார்த்தார். ஜரிகை காய்ந்தபாடில்லை. பூவும் கிடைத்தபாடில்லை.

மூன்றாம் நாள் கடைசி பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

“பொய் சொல்லிட்டீங்க தாயே! கழுத்து சுளுக்கினதுதான் மிச்சம்.”

வேலாத்தாள் முறத்தை வைத்துவிட்டு எழுந்து வந்தாள். கிளையில் கிடந்த பொன்னாடையை எடுத்தாள்.

அடியில் ஒரு கொத்து பூத்திருந்தது. ஒவ்வொரு பூவும் அரை அரிசி அளவு. பச்சையா வெள்ளையா என்று சொல்ல முடியாத நிறம். ஓர் எறும்பு அதில் வேலையாக இருந்தது.

“இதுவா ஆர்க்கிட்?”

“இதுவுந்தானுங்க.”

புலவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“அப்போ நான் எழுதின பொருள் தப்பா தாயே?”

“பொருள் சரிதானுங்களே” என்று வேலாத்தாள் பொன்னாடையை உதறி அவர் தோளில் போட்டாள். ஜரிகை நன்றாகத் தெரியும்படி இழுத்தும் விட்டாள்.

புலவர் பஸ் ஏறினார். பஸ் நாலாவது வளைவு திரும்பும்போது தனியாகச் சிரித்தார். பக்கத்தில் இருந்தவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

புலவர் நோட்டை விரித்து, கண்ணால் கண்டதை எழுதினார்:

‘ஆர்க்கிட்தனமான புலவர் ஒருவர் மூன்று நாள் பூவைத் தேடினார்.’