கண்டக்டர் இல்லாத வண்டி

வெள்ளிமட்டத்தில், மலையின் கடைசி மேட்டில், ஒரு கோல்ப் மைதானம் இருக்கிறது. மேகத்துக்கு அங்கே வேலியும் கிடையாது, வாட்ச்மேனும் கிடையாது. நினைத்தால் வரும், புல்மேல் படுக்கும், எழுந்து போகும். வேலை செய்கிறவர்கள் பாதி நேரம் ஒருவரையொருவர் குரலை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள்.

அந்த மைதானத்தில் புல் வெட்ட ஒரு வண்டி உண்டு. ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற வண்டி. ஒரே சீட்டு. வண்டியின் வயிற்றுக்கடியில் இரண்டு பிளேடு சுற்றும். வெட்டிய புல் பின்னாலிருக்கும் பையில் போய் விழும். அதை ஓட்டுகிறவள் ஜெசிந்தா. முப்பத்தோரு வயது. வாயைத் திறக்கக் காசு கேட்பாள் என்று அங்கே எல்லோரும் சொல்வார்கள்.

அவளிடம் வேலை கற்றுக்கொள்ள வந்தவர் பொன்னுரங்கம். அறுபது முடிந்துவிட்டது. மலைப்பாதை பஸ்ஸில் முப்பத்திரண்டு வருஷம் டிரைவர். வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. அதற்காக மெடல் வாங்கியவர். வந்த அன்றைக்கே மெடலைப் பற்றி மூன்று தடவை சொன்னார். நாமாக இருந்தால் முப்பது தடவை சொல்லியிருப்போம். சொல்லட்டும்.

ரிட்டயர் ஆன நாலாம் மாசமே வீட்டில் அவருக்கு மூச்சு முட்டிவிட்டது. விடிவதற்கு முன்பே எழுந்து, போவதற்கு ஒரு ரூட்டும் இல்லாமல், கட்டிலிலேயே உட்கார்ந்திருப்பார். தூக்கத்தில் கியர் மாற்றுகிறார் என்று மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஸ்டியரிங்கைப் பிடிக்கலைன்னா நான் யாருன்னே எனக்குத் தெரியலைங்க சார்," என்று மைதானத்துச் செக்ரட்டரியிடம் போய் நின்றார்.

செக்ரட்டரி சொன்னார்: "ஜெசிந்தா சாவி குடுத்தா வேலை உங்களுக்கு. குடுக்கலைன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது. அவதான் உங்களுக்குக் குரு."

"நல்லாயிருக்கே! மக வயசுல குருவா!"

அன்றிலிருந்து அவளைக் "குருவே" என்றுதான் கூப்பிட்டார். கேலிதான். அவள் கண்டுகொள்ளவில்லை. ஒரு சாக்கை எடுத்து நீட்டினாள்.

"இந்தச் சரிவு முழுக்க நடங்கய்யா. கல்லு, குச்சி, பாட்டில் மூடி, எது கிடைச்சாலும் பொறுக்கிப் போடுங்க."

"குருவே, நான் டிரைவர். குப்பை பொறுக்க வரலை."

"பிளேடுல ஒரு கல்லு பட்டா எவ்வளவு தூரம் போகும் தெரியுமா?"

"எவ்வளவு தூரம் போகும்?"

"யார் மேலயாவது படற வரைக்கும்."

பொன்னுரங்கம் சாக்கை வாங்கிக்கொண்டு நடந்தார்.

பத்து நாள் அவர் அப்படி நடந்தார். நடுவில் ஒருநாள் சீட்டில் உட்கார வைத்தாள். உட்காரச் சொன்னாள், எழச் சொன்னாள், மறுபடி உட்காரச் சொன்னாள். அவர் எழுந்த ஒவ்வொரு தடவையும் எஞ்சின் அணைந்தது.

"என்னம்மா கோளாறு இது?"

"கோளாறு இல்லைங்க. சீட்டுக்கடியில சுவிட்சு இருக்கு. ஆள் எழுந்தா அணைஞ்சிடும்."

"சும்மா சும்மா அணைஞ்சா எரிச்சலா இருக்காது? சீட்டுல ஒரு கல்லைத் தூக்கி வச்சுட்டு இறங்கினா?"

"ஓடும்."

"அப்புறம் என்ன?"

"அப்புறம் ஓட்டறது கல்லுதான்."

மேட்டில் எப்படி ஏறுவது என்பதற்கும் ஒரு சண்டை வந்தது. பஸ்ஸை வளைத்து வளைத்து மலையேற்றியவர் அவர். குறுக்கே விட்டுத்தான் ஏற்றணும் என்றார். குறுக்கே விட்டால் இது உருண்டுவிடும், நேராக ஏறி நேராக இறங்கணும் என்றாள் அவள். முப்பத்திரண்டு வருஷம் என்று அவர் ஆரம்பித்தார். அவள் ஒரு காலி எண்ணெய் டப்பாவைச் சரிவில் குறுக்கே படுக்க வைத்துக் கையை எடுத்தாள். அது போய்க்கொண்டே இருந்தது. சரிவுக்குக் கீழே ஓடுகிற ஓடையின் சத்தத்துக்குள் அது விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

"ஒத்தை சீட்டா வச்சிருக்கானே, கண்டக்டர் எங்கே உக்காருவார் குருவே?" என்று ஒருநாள் டீ குடிக்கும்போது கேட்டார். தமாஷாகத்தான் கேட்டார்.

ஜெசிந்தா டம்ளரைக் கீழே வைத்தாள். "பஸ்ஸை ரிவர்ஸ் எடுக்கறப்ப என்ன பண்ணுவீங்கய்யா?"

"கண்டக்டர் இறங்கிப் பின்னாடி நிப்பார். விசில் அடிச்சுக்கிட்டே இருப்பார். அடிக்கிற வரை வருவேன். விசில் நின்னா நானும் நிறுத்துவேன். கொண்டை ஊசி வளைவுல, ஒரு சாண் தள்ளிப் பள்ளம், அங்கேயே அப்படித்தான் எடுத்திருக்கேன்!"

"திரும்பிப் பார்க்க மாட்டீங்களா?"

"எதுக்கும்மா? அதான் விசில் கேக்குதே."

அவள் டீயைக் குடித்து முடித்துவிட்டு ஷெட்டுப் பக்கம் போய்விட்டாள்.

மறுநாள் மத்தியானம் பொன்னுரங்கத்துக்குப் பொறுமை போய்விட்டது. நல்ல வெயில். காற்றில் புல் காய்ந்து கிடந்தது. அவர் சாக்கை அவள் காலடியில் போட்டார்.

"இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு சொல்லிடும்மா. சாவி குடு, இல்லை வீட்டுக்குப் போகச் சொல்லு. வீட்டுக்குப் போய் நான் என்ன பண்ணுவேன்னுதான் எனக்குத் தெரியலை."

குருவே என்று கூப்பிட மறந்துவிட்டார்.

ஜெசிந்தா இடுப்புப் பையிலிருந்து சாவியை எடுத்தாள்.

"பெரிய சரிவு மட்டும் போதும். மூட்டம் ஏறினா நிறுத்திடுங்க. புல் நனைஞ்சா சக்கரம் வழுக்கும்."

"சரிம்மா."

"எஞ்சின் இரைச்சல் காதைக் கெடுக்கும், காது மூடியைக் கழட்டாதீங்க."

"சரி சரி."

அவர் ஏறி உட்கார்ந்தார். உள்ளங்கைக்குள் ஸ்டியரிங் நடுங்கியது. அடடா, அந்த நடுக்கம்! உடம்பில் நாலு மாசமாக நின்றுபோயிருந்த ஏதோ ஒன்று மறுபடி ஓட ஆரம்பித்தது. நேராக ஏறினார். நேராக இறங்கினார். ஜெசிந்தா தூரத்தில் ஒரு கரும்புள்ளியாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். புல் வாசனை ஜம்மென்று வருவது போலிருந்தது அவருக்கு.

மூன்று மணிக்கு மேகம் பள்ளத்திலிருந்து ஏறி வந்தது. முதலில் ஓடை போனது. பிறகு மரங்கள், கொடிக்கம்பம், ஜெசிந்தா. ஒவ்வொன்றாக யாரோ துணி போட்டு மூடினார்கள்.

நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. மூட்டமா? எத்தனை வருஷத்துப் பழக்கம் எனக்கும் அதுக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

வெள்ளைக்குள் வண்டி போய்க்கொண்டிருந்தது. மேடு எது, பள்ளம் எது என்று தெரியவில்லை. தரையில் போகிற மாதிரியே இல்லை. பக்கத்தில் யாரோ வெற்றிலை போடுகிற வாசனை. பின் சீட்டில் குழந்தை அழுகிறது, ஒருத்தி சமாதானம் சொல்கிறாள். கூடையில் காய்கறி, கோணியில் கோழி. டிரைவரண்ணே, பாலத்துக்கிட்ட நிறுத்துங்க. நிறுத்தறேன்மா, பார்த்து இறங்கு. எல்லா ஊரும் வந்தது, எல்லா ஊரும் போனது. ஒருத்தரும் அவரை ரிட்டயர் ஆனவர் என்று சொல்லவில்லை.

திடீரென்று எதிரே மரம். மைதானத்தின் ஓரம் வந்துவிட்டது. பிரேக்கை மிதித்து எஞ்சின் வேகத்தைக் குறைத்தார். முன்னால் போக வழியில்லை. காது மூடியைக் கழுத்துக்கு இறக்கினார். மூட்டத்தில் டிரைவருக்குக் காதுதானே கண்.

பின்னாலிருந்து விசில் கேட்டது. இரண்டு சின்ன விசில். பிறகு விடாமல் ஒரே சீராக, வா, வா, வா என்று.

அவர் யோசிக்கவில்லை. கை ரிவர்ஸைப் போட்டது. வண்டி பின்னால் நகர்ந்தது. விசில் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் எதிரே இருந்த மரத்தைப் பார்த்துக்கொண்டே நிம்மதியாக வந்தார்.

விசில் நின்றது.

கால் பிரேக்குக்குப் போனது. வண்டி நின்றது.

அவர் முதுகுக்குப் பின்னால், கை எட்டுகிற தூரத்தில், யாரோ இருமினார்கள்.

பொன்னுரங்கம் அலறி எழுந்தார். அவர் எழுந்ததும் எஞ்சின் அணைந்தது. இறங்கிப் பின்பக்கம் ஓடினார். நீலப் பிளாஸ்டிக் தாளைத் தலையில் போட்டுக்கொண்டு, முதுகைக் காட்டிக் குந்தி உட்கார்ந்து, களை பிடுங்கிக்கொண்டிருந்தாள் சிலம்பாயி. மைதானத்தில் தினமும் களையெடுக்கிறவள். அவள் முதுகுக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது.

மூட்டத்தைக் கிழித்துக்கொண்டு ஜெசிந்தா ஓடி வந்தாள். வண்டியைப் பார்த்தாள், சிலம்பாயியைப் பார்த்தாள். அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டாள். "நீ கீழ்ப்பக்கம்ல இருந்தே, எப்பக்கா இங்கே வந்தே?" என்றாள். உதடெல்லாம் வெளுத்திருந்தது.

"இங்கேதான் களை ஜாஸ்தின்னு வந்தேன்," என்றாள் சிலம்பாயி.

"விசில் அடிச்சது யாரு?" என்றார் பொன்னுரங்கம். "நீயாம்மா? நீ அடிச்சியா?"

"நான் அடிக்கலைய்யா."

அதற்குள் மேலே கிளையிலிருந்து மறுபடி கேட்டது. கருநீலக் குருவி ஒன்று, ஆள் சீட்டியடிக்கிற மாதிரியே அடித்துக்கொண்டிருந்தது. அந்தக் குருவி அவருக்குப் புதுசா என்ன? மலைப்பாதை நெடுக அதைக் கேட்டுக்கொண்டு ஓட்டியவர்தான். ஆனால் சீட்டில் உட்கார்ந்திருந்தபோது அது குருவியாக அவருக்குக் கேட்கவில்லை.

அவர் சிலம்பாயி பக்கம் திரும்பினார். பயம் கோபமாக வெளியே வந்தது.

"காது என்ன அடைச்சா போச்சு உனக்கு? வண்டி வர்ற சத்தம் கேக்கலை?"

"கேட்டுச்சுங்கண்ணே."

"கேட்டுட்டும் ஏன் நகரலை?"

சிலம்பாயி வெகுளியாகச் சிரித்தாள். "நீங்கதான் ஓட்டறீங்கன்னு இந்தப் பொண்ணு சொல்லுச்சு. உங்க பஸ்ல பன்னெண்டு வருஷம் சந்தைக்குப் போயிருக்கேண்ணே. ஏறி உக்காந்தா தூங்கிடுவேன். வேற யார் பஸ்லயும் எனக்குத் தூக்கம் வந்ததில்லை. நீங்க பாக்காம எடுப்பீங்களா?"

பொன்னுரங்கம் வண்டியின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அறுபது வயது ஆம்பிளை இரண்டு பெண்களுக்கு முன்னால் அழுகிறோமே என்றெல்லாம் அவருக்குத் தோன்றவில்லை. சிலம்பாயிக்கு ஒன்றும் புரியவில்லை. அழாதீங்கண்ணே, எனக்குத்தான் ஒண்ணும் ஆகலையே என்று சொல்லிப் பார்த்தாள். பிறகு களைக்கூடையைத் தூக்கிக்கொண்டு மூட்டத்துக்குள் போய்விட்டாள்.

ரொம்ப நேரம் கழித்து அவர் எழுந்தார். சாவியை உருவி ஜெசிந்தா முன்னால் நீட்டினார்.

"வேணாம்மா. நான் வீட்டுக்கே போறேன்."

அவள் சாவியை வாங்கவில்லை.

"முப்பத்திரண்டு வருஷத்துல எத்தனை கண்டக்டர் எனக்காகப் பின்னாடி நின்னு பார்த்திருக்காங்க. மெடலை நான் ஒருத்தன் மாட்டிக்கிட்டேன். அவங்க பேரெல்லாம்கூட எனக்கு ஞாபகமில்லைம்மா."

ஜெசிந்தா புல்லிலிருந்து எழுந்தாள்.

"அந்தப் பொம்பளை என்னை நம்பி உக்காந்திருக்கா. நான் ஒரு குருவியை நம்பி எடுத்திருக்கேன்." அவர் சாவியை மறுபடி நீட்டினார். "நீ யாரை நம்பிம்மா எனக்குச் சாவி குடுத்தே?"

"யாரையும் நம்பலைங்கய்யா," என்றாள் ஜெசிந்தா. "நேத்தே பிளேடு ரெண்டையும் கழட்டி ஷெட்டுல வச்சுட்டேன். அப்புறம்தான் குடுத்தேன். ஒரு மணி நேரமா ஓட்டறீங்க. ஒரு தடவை திரும்பியிருந்தா தெரிஞ்சிருக்கும்."

மூட்டம் விலகிக்கொண்டிருந்தது. பொன்னுரங்கம் திரும்பிப் பார்த்தார். சரிவு முழுக்க ஒரு புல்லும் வெட்டுப்படாமல் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.