டெஸ்டர் வயிற்றில் ஒரு வால்வு

"ஒண்ணுகூடத் தேறாதும்மா" என்றார் மாசிலாமணி.

மேஜைமேல் பழைய ரேடியோக்களில் வருகிற கண்ணாடி வால்வுகள், எழுபத்து மூன்று. ஒவ்வொன்றின் தலையிலும் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி. பாலிடெக்னிக்கில் முப்பது வருஷம் விடைத்தாள் திருத்திய கை. ஒரு குறிகூடக் கோணவில்லை.

பல்கீஸ் நிமிரவில்லை. பாதி பிரித்த சிக்னல் ஜெனரேட்டருக்குள் ஈயம் வைத்துக்கொண்டிருந்தாள்.

பாலக்கரை மாடியறையில் பழைய வால்வுக் கருவிகளுக்கு உயிர் கொடுக்கிறவள் அவள். வயதில் அவருக்கு மகள் மாதிரி. ரிட்டயரான மறுவாரமே "எனக்கும் கத்துக்குடுங்கம்மா" என்று வந்து உட்கார்ந்தவர் அவர்.

"எல்லாத்தையும் டெஸ்டர்ல சொருகிப் பார்த்துட்டேன். முள்ளு பச்சைக்கு வரவே மாட்டேங்குது. பழைய இரும்புக்காரனைக் கூப்பிட்டுடலாம்."

பல்கீஸ் ஒரு வால்வை எடுத்துக் காதருகே வைத்தாள். வால்வே பேசுவதுபோல மூக்கால் பேசினாள்.

"சார், சார்! நாப்பது வருஷமா அட்டைப்பெட்டிக்குள்ள சும்மா தூங்குனேன் சார். நான் என்ன பாவம் பண்ணேன்?"

பிறகு தொண்டையைச் செருமி, அச்சு அசலாக மாசிலாமணியின் குரலில்: "வாயை மூடு. அடுத்தவன் வா!"

அவருக்குச் சிரிப்பு வந்தது. மீசைக்குள் அடக்கிக்கொண்டார்.

"டீ ஆறுது சார்."

ஒரு வாய் குடித்தார். "சர்க்கரை போட மறந்துட்டீங்களாம்மா?"

"மூணு ஸ்பூன் போட்டேன்."

போன ஆவணியில் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்து போனதிலிருந்து ஊரில் ஒருத்தருக்கும் கைப்பக்குவம் இல்லை. வீட்டு ரசத்தில் உப்பில்லை. கல்யாணச் சாம்பாரில் உறைப்பில்லை. மகன் எழிலன் சமைப்பதைக் கேட்கவே வேண்டாம்.

அந்த எழிலன்தான் மெஸ் வைக்கப் போகிறானாம்.

காலையில் அடுக்குத் தூக்கை நீட்டினான். "மதியம் சாப்பிட்டுப் பார்த்துட்டு சாயங்காலத்துக்குள்ள சொல்லிடுங்கப்பா. நீங்க சரின்னா கடைச் சாவியை வாங்கறேன். இல்லேன்னா பழைய வேலைக்கே போயிடறேன்."

முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

மதியம் ஒரே ஒரு வாய். மூடி வைத்துவிட்டார். செல்போனில் 'தேறாது. வேலைக்குப் போ' என்று அடித்தும் வைத்துவிட்டார். அனுப்பத்தான் விரல் வரவில்லை.

"சார்."

"என்னம்மா?"

"இத்தனையையும் டெஸ்டர் பார்த்துச்சு. டெஸ்டரை யாரு பார்த்தா?"

"அதுக்கென்ன? நல்லாத்தானே இருக்கு. லைட்டெல்லாம் எரியுதே."

பல்கீஸ் சுவிட்சை அணைத்தாள். பிளக்கைப் பிடுங்கினாள். டெஸ்டரின் பின்மூடியைக் கழற்றினாள்.

உள்ளேயும் ஒரு வால்வு இருந்தது. டெஸ்டருக்கே கரண்ட்டைப் பதமாக்கிக் கொடுக்கிற வால்வு. அதே ரகத்தில் நாலைந்து மேஜைமேலும் கிடந்தன, தலையில் சிவப்புக் குறியோடு.

உள்ளே இருந்ததை உருவினாள். சிவப்புக் குறி போட்ட ஒன்றை எடுத்து அங்கே சொருகினாள்.

"அம்மா, அது ஃபெயிலானது!"

"தெரியும் சார்."

பிளக்கைச் சொருகி சுவிட்சைப் போட்டாள். வால்வு சூடேறியது.

"இப்போ ஒவ்வொண்ணாச் சொருகுங்க."

சொருகினார். முள் எழுந்தது. சிவப்பைத் தாண்டியது. பச்சையில் போய் நின்றது.

அடுத்தது பச்சை. அதற்கடுத்தது பச்சை. நாலாவது எழவே இல்லை, அது நிஜமாகவே செத்த வால்வு. ஐந்தாவது பச்சை.

மாசிலாமணியின் கை அந்தரத்தில் நின்றது. டெஸ்டருக்குள்ளிருந்து உருவிய வால்வு மேஜையோரம் கிடந்தது. அதை முறைத்தார்.

பல்கீஸ் அதைப் பஞ்சில் பொதிந்து எடுத்து வைத்தாள். "அதைத் திட்டாதீங்க சார். பாவம், அதுக்கே தெரியாது."

அவர் டீ டம்ளரைப் பார்த்தார். இன்னொரு வாய் குடித்தார். நாக்கில் புரட்டினார். டம்ளரை மெதுவாக வைத்தார்.

தூக்கை அவள் பக்கம் நகர்த்தினார்.

"இதைக் கொஞ்சம்... நீங்க சாப்பிட்டுப் பார்க்கறீங்களா?"

பல்கீஸ் கை கழுவி வந்தாள். நெத்திலிக் குழம்பு. ஒரு வாய். இரண்டாவது வாய். மூன்றாவது. கீழடுக்கைத் தானே திறந்தாள்.

மாசிலாமணி பரீட்சை ரிசல்ட்டுக்கு நிற்கிற பையனைப்போல நின்றார். "பாஸாம்மா? ஃபெயிலா?"

அவள் விரலால் கிண்ணத்தை வழித்தாள்.

"எந்தக் கடையில வாங்குனீங்க சார்?"

"இன்னும் திறக்கலைம்மா" என்றார் மாசிலாமணி, செல்போனில் ஒவ்வொரு எழுத்தாக அழித்துக்கொண்டே.