அல்லிக்குளம் தூர்வாரிய கதை

மேலக்கோட்டையைப் பொன்னம்பல ராயர் ஆண்டுவந்த காலம். அங்கே பங்குனி பிறந்தால் வேப்பமரத்தில் பூ வரும், மந்திரி வீரபாகுவுக்குச் சேவை மனப்பான்மை வரும். இரண்டும் ஒரு மாதம் மணக்கும். பிறகு உதிர்ந்துவிடும்.

வசந்தத் தொண்டர் சங்கத்துக்கு மந்திரிதான் தலைவர். அரண்மனைப் பெரிய மனிதர்கள் எல்லோரும் அதில் உறுப்பினர்கள். ஆளுக்கொரு மஞ்சள் பட்டுச் சால்வை உண்டு. ஒரு வருஷம் தண்ணீர்ப் பந்தல் வைத்தார்கள். பந்தல் கோடை முழுக்க இருந்தது, தண்ணீர் முதல் நாள் மட்டும் இருந்தது. இன்னொரு வருஷம் ஏழைகளுக்கு அன்னதானம் என்று நிதி திரட்டினார்கள். நிதி கொடுத்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்ப முடியுமா? விருந்து வைத்தார்கள். விருந்து முடிந்தபோது நிதியும் முடிந்திருந்தது. ஏழைகளுக்கு நன்றியுரை மிஞ்சியது.

இந்த வருஷம் அல்லிக்குளத்தைத் தூர்வாருவது என்று தீர்மானம். மேளம் முழங்க, ராயர் ஒரு கூடை மண்ணை எடுத்துக் கரையில் கொட்டினார். மந்திரி நெடுநேரம் பேசினார். மற்றவர்கள் கைதட்டினார்கள். எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். மறுநாள் குளத்துக்கு ஒரு கொக்கு வந்தது. வேறு யாரும் வரவில்லை.

அரசவை விகடன் உத்தண்டிக்குக் குளத்தை ஒட்டித்தான் வீடு. பெண்கள் நடுக்குளத்தில் ஊற்றுத் தோண்டி, சிரட்டை சிரட்டையாகத் தண்ணீர் மொண்டு குடம் நிரப்புவதைத் தினமும் பார்க்கிறவன். மழைக்கு முன்னால் தூர் எடுக்காவிட்டால் அடுத்த கோடையில் அந்த ஊற்றும் இருக்காது.

ராயர் அவையில் அவனைக் கேட்டார். "குளத்து வேலை எப்படிப் போகிறது உத்தண்டி?"

"ஒரு கூடை ஆழம் கூடியிருக்கிறது மகாராஜா. அதுவும் தாங்கள் எடுத்த கூடை."

மந்திரிக்கு முகம் சிவந்தது. "பேசுவது சுலபம் மகாராஜா. இவனையே சங்கத்துக்குச் செயலாளர் ஆக்குங்கள். சித்திரா பௌர்ணமிக்குள் தூர்வாரி முடிக்கட்டும். கூலியாள் கூடாது. கஜானாவைத் தொடக் கூடாது. உறுப்பினர்கள் கையால்தான் மண் எடுக்க வேண்டும். ஆனால் யாரையும் வற்புறுத்தவும் கூடாது. தொண்டு மனதிலிருந்தல்லவா வர வேண்டும்?"

"முடியாவிட்டால்?" என்றார் ராயர்.

"பிறகு அவனுக்கு இந்த அவையில் என்ன வேலை?"

கூடைப் பேச்சு ராயரையும் கொஞ்சம் சுட்டிருந்தது. "அப்படியே ஆகட்டும்" என்றார்.

உத்தண்டி வீடு வீடாகப் போய்க் கும்பிட்டான். கஜானா அதிகாரிக்கு மணிக்கட்டில் சுளுக்கு. ஜோசியருக்கு நாள் சரியில்லை. சேனாபதிக்கு முதுகுவலி. ஊஞ்சலில் சாய்ந்தபடி அவர் முனகினார்.

"குனியவே முடியவில்லை அப்பா. அது கிடக்கட்டும், அன்றைக்கு விழாவில் கவனித்தாயா? ராஜாவுக்குப் பக்கத்தில் மந்திரி. என்னைத் தூணுக்குப் பின்னால் நிறுத்திவிட்டார்கள். தொடங்கி வைக்க எனக்கு மட்டும் தகுதி இல்லையா?"

உத்தண்டி அப்படியே நின்றான். அத்தனை நாளும் அவன் வேலைக்கு வரச்சொல்லித் தப்பான கதவைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறான்.

"அதைச் சொல்லத்தான் வந்தேன் ஐயா" என்றான். "வடகரைப் பணியைத் தாங்கள்தான் தொடங்கி வைக்க வேண்டும்."

சேனாபதி ஊஞ்சலை விட்டு எழுந்துவிட்டார். முதுகு ஒன்றும் சொல்லவில்லை.

மேளம் வந்தது, மாலை வந்தது. விழா என்றால் கூட்டம் வேண்டாமா? குளத்தங்கரைச் சனங்களுக்கு மோரும் புளியோதரையும் சேனாபதி வீட்டிலிருந்தே வந்தன. அந்தச் சங்கத்தின் தொண்டு ஏழை வயிற்றுக்குப் போய்ச் சேர்ந்தது அதுதான் முதல் தடவை.

சேனாபதி ஒரு கூடை மண்ணைக் கொட்டிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். உத்தண்டி அவர் காதருகே குனிந்தான்.

"மகாராஜாவும் ஒரு கூடையோடுதான் நிறுத்தினார். தாங்களும் ஒன்றோடு நிறுத்தினால், சேனாபதி தன்னை ராஜாவுக்குச் சமமாக நினைக்கிறார் என்று யாராவது கோள் சொல்லுவார்கள். எனக்கென்ன, தங்கள் இஷ்டம்."

சேனாபதி மண்வெட்டியைத் திரும்ப எடுத்தார். வெயில் உச்சிக்கு வரும்வரை தன் விசுவாசத்தை வெட்டி வெட்டிக் கொட்டினார். குளத்தங்கரைச் சனங்கள் அந்த வண்டலைத் தங்கள் வயலுக்கு அள்ளிக்கொண்டு போனார்கள்.

சேதி கஜானா அதிகாரிக்கு எட்டியது. "அவர் மட்டும்தான் விசுவாசியா?" என்று கேட்டு, சுளுக்கோடு வந்து தென்கரையைத் தொடங்கி வைத்தார். சேனாபதியைவிட அதிகமாகவே தொடங்கினார். ஜோசியருக்கு ஒரே இரவில் நல்ல நாள் பிறந்தது. நீர்க்கால், படித்துறை, கீழ்மூலை, மேல்மூலை என்று உத்தண்டி கயிறு கட்டிப் பிரிக்கப் பிரிக்க, தொடங்கி வைக்க ஆட்கள் வந்தபடியே இருந்தார்கள். மேளக்காரருக்குத்தான் கை ஓய்ந்துவிட்டது.

மந்திரி பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டிலேயே இருந்தார். ஆனால் தினமும் இன்னொருவர் கழுத்தில் மாலை விழும் மேளச் சத்தத்தை எத்தனை நாள்தான் காதில் வாங்குவது? கடைசியில் ஆள் அனுப்பினார். "சங்கத் தலைவர் நான். நடுக்குளம் எனக்கு."

நடுக்குளம்தான் இறுகிப்போன களிமண். மந்திரி என்பதால் ராஜவிசுவாசமும் கூடுதலாகக் காட்டவேண்டியிருந்தது. இடுப்பளவு பள்ளத்திலிருந்து அவரைக் கைகொடுத்துத்தான் மேலே தூக்கினார்கள்.

சித்திரா பௌர்ணமியன்று ராயர் குளத்துக்கு வந்தார். கரையிலிருந்து எட்டிப் பார்த்தவருக்கு அடி தெரிய நேரம் பிடித்தது. நடுவில் ஊற்றுநீர் கசிந்து பளபளத்தது. சங்கத்தார் காய்த்த கைகளைச் சால்வைக்குள் மறைத்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள்.

"மந்திரி, உம்முடைய சங்கத்துக்கு வேலை செய்யக்கூடத் தெரியுமா?" என்றார் ராயர்.

மந்திரி நெஞ்சை நிமிர்த்தினார். "எல்லாம் தொண்டு மனப்பான்மைதான் மகாராஜா. எங்களை யாரும் வற்புறுத்தவில்லை."

ராயர் உத்தண்டி பக்கம் திரும்பினார். "நீ சொல். இவர்களை எப்படி வேலை வாங்கினாய்?"

"நான் வேலை வாங்கவே இல்லை மகாராஜா" என்றான் உத்தண்டி. "சங்கத்தார் இன்னும் தொடங்கித்தான் வைத்திருக்கிறார்கள். வேலையை அவர்கள் ஆரம்பிப்பதற்குள் குளம் முடிந்துவிட்டது."

ராயர் விழுந்து விழுந்து சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி உத்தண்டிக்குப் போட்டார். கைதட்டச் சொல்லிச் சங்கத்தாரைப் பார்த்தார். உள்ளங்கைக் கொப்புளத்தோடு அவர்கள் மெல்லத் தட்டினார்கள்.