உப்பூற்றுப் பக்கம் ஒரு சீழ்க்கை

அநியாயம் நடந்தது யோகமலருக்கு. செய்யாத மோசடியைச் செய்தாள் என்று பல்கலைக்கழகம் தீர்ப்புச் சொன்னது. சொன்னவர்கள் நடுவில் அவளுடைய ஆசிரியை மரகதமும் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். வாயைத் திறக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கதை முடிகிறபோது ஆசிரியை மேல் இரக்கம் வந்து, இது மறந்துபோகக் கூடாது.

மரகதம் காண்டாமிருகங்களை ஆராய்கிறவர். அவர் அறையில் இரண்டு தட்டுகள். மேல் தட்டில் இன்னும் உலகத்தில் உள்ளவற்றின் தாடைகள். கீழ்த் தட்டில் அற்றுப்போனவை: உடம்பெல்லாம் ரோமம் மூடியது ஒன்று, கொம்பே இல்லாத ராட்சதம் ஒன்று, ஒரே ஒரு கடைவாய்ப் பல்லை மட்டும் விட்டுப்போன இன்னொன்று.

ரப்பர்த் தோட்டங்கள் முடிகிற இடத்தில் தொடங்கும் மலைக்காட்டில் சின்னக் காண்டாமிருக இனம் ஒன்று இருந்தது. கடலுக்கு அப்பால் தீவில் அதன் உறவுகள் கொஞ்சம் உண்டு. இந்த மலையில் இனி இல்லை என்று சில வருடங்களுக்கு முன் அறிவித்தார்கள். அறிக்கையில் கையெழுத்துப் போட்டவர் மரகதம். அன்றே அதன் தாடையை எடுத்துக் கீழ்த் தட்டில் வைத்தார். மேலே அது இருந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டார்.

யோகமலர் மாணவியாகச் சேர்ந்த அன்றைக்கே கேட்டாள்.

"அந்த இடம் சும்மாத்தானே கிடக்கு டீச்சர். வேற எதையாவது வைக்கலாமே."

"இருக்கட்டும்."

"தினமும் துடைக்க மட்டும் துடைக்கறீங்க."

"தூசு படியுதே."

யோகமலருக்கு வாதம் பிடிக்கும். தேடினோம், கிடைக்கவில்லை. அதை வைத்து இல்லை என்று எப்படி எழுதலாம்? கிடைக்காததும் இல்லாததும் ஒன்றா? இப்படிக் கேட்டுக்கொண்டே இருந்தாள். மரகதம் அவளுக்கு காட்டுக்குள் போக அனுமதி வாங்கிக் கொடுத்தார்.

அந்த விலங்குக்கு ஒரு வழக்கம் உண்டு. போகிற வழியில் இளஞ்செடி ஒன்றைக் கொம்பில் மாட்டி, ஈரத்துணியைப் பிழிவதுபோல் முறுக்கிவிட்டுப் போகும். பின்னால் வருகிற இன்னொன்று அதைப் பார்க்கும். இங்கே ஆள் உண்டு என்று தெரிந்துகொள்ளும்.

விலங்குகள் உப்பு நக்க வரும் உப்பூற்றுக்குப் போகும் தடத்தில் யோகமலர் அப்படிப்பட்ட செடிகளைக் கண்டாள். முறுக்கிய இடத்தில் பால் இன்னும் வடிந்துகொண்டிருந்தது. மரகதத்தோடு சேர்ந்து அவள் கட்டிய கேமராக்களில் பன்றியும் மழையும்தான் விழுந்தன. செடிகள் மட்டும் புதிது புதிதாக முறுக்கப்பட்டன. மூன்று வருடம் அவற்றின் பின்னால் நடந்தாள். ஒரு முறை, தீவில் பதிவு செய்த அந்த விலங்கின் குரலைக் கேட்டுப் பழகிய சீழ்க்கையை மூடுபனிக்குள் அடித்துப் பார்த்தாள். ஆற்றின் மறுகரையிலிருந்து பதில் வந்தது.

எல்லாவற்றையும் ஆய்வுக் கட்டுரையில் எழுதினாள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஜெயசீலன் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"அது சேத்துல புரண்டுட்டுத்தானே வரும்? இதுல ஒரு பொட்டுச் சேறு இல்ல. பட்டையில இருக்கிறது நகக்கீறல். உங்க மிருகம் கை கழுவிட்டு வந்து முறுக்குது போலம்மா."

அறை முழுக்கச் சிரித்தது. மரகதம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செடிகளை அவளே முறுக்கினாள் என்று தீர்மானித்து, யோகமலரின் பெயரை ஆய்விலிருந்து நீக்கினார்கள். காட்டுக்குள் இனி அனுமதி இல்லை. கேமராக்களைக் கழற்றிக்கொண்டு வர மட்டும் ஒரு தடவை போகலாம் என்றார்கள்.

ஒரு நாளைக் குறித்துச் சொல்லிவிட்டு, அதற்கு முந்தின நாளே போனாள். இனி எதைச் சொன்னபடி செய்து என்ன ஆகப்போகிறது?

இரவு பெய்த மழை விட்டிருந்தது. காலை வெளிச்சம் பனியைத் தாண்டி இறங்கவில்லை. உப்பூற்றருகே கடைசிக் கேமராவின் வாரை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது சீழ்க்கை கேட்டது.

கிட்டத்தில் கேட்டது.

அப்படியே குந்தினாள். சீழ்க்கை நின்றது. ஒரு பதில் வருவதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் காடு சும்மா இருந்தது. பிறகு மறுபடி கேட்டது. மறுபடி அதே இடைவெளி.

செடிகள் அசைந்தன. சாம்பல் நிறத்தில், தலையைத் தாழ்த்திக்கொண்டு, கனத்த மூச்சோடு ஒன்று பனிக்குள்ளிருந்து வந்தது. சேற்றுக் குழியில் இறங்கியது. ஒரு பக்கம் படுத்துப் புரண்டது. மறுபக்கம் புரண்டது. யோகமலர் மூச்சை விடவில்லை. அது எழுந்து கரையேறி, ஒரு செடியின் மேல் சாய்ந்து விலாவைத் தேய்த்தது. பிறகு அந்தச் செடியைப் பிடித்து முறுக்கத் தொடங்கியது.

அதற்கு விரல்கள் இருந்தன.

"டீச்சர்."

மரகதம் திரும்பினார். முகமெல்லாம் சேறு. யாரென்று தெரியாததுபோல் கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தார். பாதி முறுக்கிய செடி கையிலேயே இருந்தது.

"நாளைக்குத்தானே போறேன்னு சொன்னே?"

"இன்னைக்கே வந்துட்டேன். இது என்ன டீச்சர், சேறு?"

"ஜெயசீலன் சொன்னாரில்ல. சரியாத்தான் சொன்னார். உடம்பு முடியலைன்னு இத்தனை நாள் அதை விட்டுட்டேன்."

யோகமலருக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போனது.

"என் பேரைக் கெடுத்தது நீங்க."

"ஆமா."

"ஆமான்னா ஆச்சா? கேமரா எங்கே பார்க்கும், எங்கே பார்க்காதுன்னு தெரிஞ்சு நடந்திருக்கீங்க. அன்னைக்கு எல்லாரும் சிரிச்சப்போ பக்கத்துல உட்கார்ந்திருந்தீங்க."

"சொல்லியிருந்தா அன்னைக்கே எனக்குக் காட்டை அடைச்சிருப்பாங்க."

"எனக்கு அடைச்சா பரவால்ல."

மரகதம் பிடித்திருந்த செடியை விட்டார்.

"இல்லைன்னு கையெழுத்துப் போட்டது நீங்கதானே. அப்புறம் இதெல்லாம் யாருக்கு?"

"ஒண்ணே ஒண்ணு மிச்சம் இருந்தா, தான் மட்டும்தான்னு அதுக்குத் தெரிய வேணாம்."

"அது ஏமாத்து டீச்சர். இல்லாத துணையைத் தேடி அது காடெல்லாம் அலையும். சாகிற வரைக்கும் அலையும். அதுக்குப் பேர் இரக்கமா?"

"தெரியல."

"தெரியாமலா இத்தனை வருஷம் செஞ்சீங்க?"

மரகதம் குழியின் ஓரத்தில் உட்கார்ந்தார். அவர் சேலையிலிருந்து சேறு சொட்டியது.

"போன மழைக்காலத்துல பதில் வந்தது," என்றார்.

யோகமலர் ஓரடி முன்னால் வந்தாள்.

"ஆத்துக்கு அந்தப் பக்கம் நின்னிருந்தேன். இங்கேருந்து ஒரு சீழ்க்கை. நான் அடிச்சேன். திரும்ப வந்தது. நின்ன இடத்துலயே உட்கார்ந்து அழுதேன்."

யோகமலரின் கையில் கேமரா வார் இறுகியது.

"அது நான் டீச்சர்."

"தெரியும். பதில் வந்துச்சுன்னு நீ எழுதியிருந்தியே. அதைப் படிச்சப்போ தெரிஞ்சது."

இலைகளிலிருந்து நீர் விழுந்துகொண்டிருந்தது. தூரத்தில் ஏதோ கிளை முறிந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அந்தப் பக்கம் திரும்பினார்கள். பனிதான் இருந்தது.

"படிக்கிற வரைக்கும்?" என்று யோகமலர் கேட்டாள்.

"தாடையைத் தூக்கி மேல் தட்டுல வைக்கப் போனேன். ரெண்டு தடவை."

யோகமலர் அவிழ்த்த கேமரா வாரைச் சுருட்டினாள்.

"நாளைக்குக் குழு முன்னாடி சொல்லிடறேன்," என்றார் மரகதம். "முறுக்கினது நான்னு."

"எழுதித் தருவீங்களா?"

"எழுதியும் தரேன். நீ போ."

யோகமலர் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள். அவள் கேட்டது கிடைத்துவிட்டது. தடம் திரும்புகிற இடம்வரை போனவள் நின்றாள். பிறகு திரும்பி வந்தாள்.

"சொல்லிட்டா உங்களை இந்தப் பக்கமே விட மாட்டாங்க."

"விட மாட்டாங்க."

கைவிட்ட செடி தன் முறுக்கைத் தானே அவிழ்த்துக்கொண்டிருந்தது, மெதுவாக, ஒவ்வொரு சுற்றாக. யோகமலர் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்புறம் இதை யார் செய்வா?"

மரகதம் எழுந்தார். கையைத் துடைக்காமலே செடியை வளைத்து, அதன் நுனியை அவள் பக்கம் நீட்டினார்.

"உன்னை விடுவாங்க."